மகன் சம்பளத்தைக் காட்டி அப்பாவின் காப்பீட்டை மறுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எவ்வளவு பெரிய துணை என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்தது, 2012-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது, 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. ஆட்சி மாறியும் யாரும் இதைக் கைவிடவில்லை. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

என் குறை, வயதானவர்களின் தகுதியைக் கணக்குப் பார்க்கிற முறையைப் பற்றியது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 72,000 ஆக இருந்த வரம்பை உயர்த்தியது நல்ல காரியம். ஆனாலும் மாதத்துக்கு அது 10,000 ரூபாய்தான். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற எந்த வீடு இதற்குள் அடங்கும்? வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்காது. இருந்தும் காகிதத்தில் அவர்கள் வரம்பைத் தாண்டியவர்கள். அதே ரேஷன் கார்டில் பெயர் இருப்பதால், சல்லிக்காசு வருமானம் இல்லாத அப்பா அம்மாவும் தாண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். காசிமேட்டில் வலை பின்னியே காலம் கழித்தவர், வயது 66. மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மருமகள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று கேட்டுப் போனார்கள். இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பார்த்து, கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற ஒருவர், "பெரியவர் பேரைத் தனிக் கார்டா பிரிச்சிடுங்க. பையன் கவனிக்கிறதில்லன்னு ஒரு மனு கொடுங்க, வேலை முடிஞ்சிடும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி பகல்னு பாக்காம என்னைத் தூக்கி உக்கார வைக்கிறவன் அவன். என்னை வுட்டுட்டான்னு நானே எப்படிமா எழுதித் தருவேன்?" என்று என்னிடமே கேட்டார். அந்த மகன் ஆட்டோவின் பேரில் கடன் வாங்கித்தான் ஆபரேஷன் செலவைச் சமாளித்தார். பெற்றவர்களைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்கு இப்படி ஒரு சோதனை வரக் கூடாது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறதே, அங்கே இலவசம்தானே, அட்டை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஸ்டான்லி எங்கள் பக்கத்துக்குத் தாய்வீடு மாதிரி. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் இந்த அட்டை அரசு மருத்துவமனையிலும் செல்லும். அங்கே சிகிச்சை பெற்றால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேருகிறது. எழுந்து நடக்க முடியாதவர், வீட்டுக்கு அருகில் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை இருந்தால் அங்கேயும் சேரலாம். அந்த வசதி மகனின் சம்பளத்தால் பறிபோகிறது.

தனியாரிடம் பாலிசி எடுக்கலாமே என்றால், அதுவும் நடக்கிற காரியமாக இல்லை. 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி எடுக்க இருந்த தடையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் நீக்கியது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. நடுத்தரக் குடும்பங்களுக்கு இவை உதவும். சர்க்கரையும் பிரஷரும் உள்ள 66 வயதுக்காரரிடம் கேட்கிற பிரீமியமோ, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆன முதியோர் உதவித்தொகையை ஒரு வருஷம் தொடாமல் சேர்த்து வைத்தாலும் எட்டாது.

70 வயதானவர்களுக்கு வருமானமே பார்க்காமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அப்படியென்றால், வயதானவருக்கு வீட்டு வருமானத்தைப் பார்க்க வேண்டாம் என்பது அரசே ஏற்றுக்கொண்ட கொள்கைதான். அதை 60 வயதுக்குக் கொண்டுவாருங்கள் என்பதே என் கோரிக்கை. வலை இழுத்தவருக்கும் ஹார்பரில் மூட்டை தூக்கியவருக்கும் 60-லேயே உடம்பு உட்கார்ந்துவிடுகிறது. 70 வரை காத்திருக்கச் சொல்வது நியாயமா? வருமானம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அந்த முதியவரின் சொந்த வருமானத்தைப் பார்க்கட்டும்.

முதியோர் உதவித்தொகையோ மாற்றுத்திறனாளி உதவித்தொகையோ வாங்குகிறவர்களை ஏன் மறுபடி சான்றுக்கு அலையவிட வேண்டும் என்பதும் எனக்குப் புரியவில்லை. முதியோர் உதவித்தொகை கொடுக்கும் முன் வருவாய்த் துறை வீட்டுக்கே வந்து விசாரிக்கிறது. அந்த ஆணையே போதும் என்று வைத்தால் எத்தனையோ பேருக்கு அட்டை தானாக வந்துவிடும். பதிவையும் வீட்டில் வைத்தே செய்யலாம். வலையும் உப்புத் தண்ணீரும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடை மெஷினிலேயே எங்கள் தெருப் பெரியவருக்குக் கைரேகை விழுவதில்லை; ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பெண்கள் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர் யார், வீல்சேரில் இருப்பவர் யார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களோடு கருவிழி பதிகிற கருவியுடன் ஓர் ஊழியரை அனுப்பினால், யாரையும் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் வரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்காது.

தங்கள் நாளிதழிடமும் ஓர் உதவி கேட்கிறேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா என்ற 1 லட்சம் ரூபாய்க் காப்பீடு இருக்கிறது. கட்டணம் சில நூறு ரூபாய்தான். பரிசோதனை ஏதும் கேட்காமல் சேர்க்கிறார்கள். தெரபிக்கும் புறநோயாளி சிகிச்சைக்கும்கூடப் பணம் கிடைக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள மகனை வாராவாரம் தெரபிக்குத் தூக்கிப்போகும் என் பக்கத்து வீட்டுப் பெண், நான் சொல்லும்வரை இதைக் கேள்விப்பட்டதே இல்லை. நிராமயாவில் சேர்வது எப்படி, 70 வயதானவர்களுக்கான அட்டையைச் சென்னையில் எங்கே போய்க் கேட்பது என்பதை விசாரித்து, பெரிய எழுத்தில், வடசென்னைப் பக்கத்தில் வெளியிடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் தெரு ரேஷன் கடைச் சுவரில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.