அரை மணி நேர ஆட்டத்தில் ஒரு நாட்டின் கலை அடங்கிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுச் சுற்றுலா என்றாலே கடற்கரை, ஷாப்பிங், அப்புறம் ஹோட்டலில் இரவு உணவோடு அரை மணி நேரக் கலை நிகழ்ச்சி என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

இந்தோனேசியாவின் ஜாவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வயாங் குலிட் எனும் தோல்பாவைக் கூத்து விடிய விடிய நடக்கும். தலாங் எனப்படும் ஒரே கலைஞர்தான் அத்தனை பாவைகளையும் ஆட்டி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, பக்கத்திலுள்ள மரப்பெட்டியைத் தட்டித் தட்டியே பின்னால் உட்கார்ந்திருக்கும் கமெலான் இசைக் குழுவையும் நடத்துகிறார். முழு இரவும் உட்கார முடியாதா, சரி, இரண்டு மணி நேரமாவது பாருங்கள். ஊர்க்காரர்களே வருவதும் போவதுமாகத்தான் இருப்பார்கள்.

பத்திக் துணியும் அப்படித்தான். அச்சடித்ததைக் கடையில் வாங்கிக்கொண்டு ஓடாமல் ஒரு பட்டறைக்குப் போய், சாந்திங் என்ற சின்னச் செம்புக் கருவியில் சூடான மெழுகை அள்ளி, அது ஆறுவதற்குள் துணியில் கோடு இழுக்கும் பெண்களைப் பாருங்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம், கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை நீக்க வேண்டும். இதைப் பார்த்தபின் பேரம் பேச மனசு வராது. யுனெஸ்கோ 2009-இல் பத்திக்கையும் 2021-இல் கமெலானையும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

உங்கள் பயணப் பக்கத்தில் எங்கே தங்கலாம் என்பதோடு, எந்த ஊரில் எந்தக் கலையை எங்கே பார்க்கலாம், படம் எடுக்கும்முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

- ஒரு வாசகி