மூன்று படி மாவு

ரங்கூன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் தம்பியும் சுகம். உனக்குக் காய்ச்சல் திரும்ப வந்ததா என்று மறைக்காமல் எழுது. போன தடவை நீ மறைத்துவிட்டாய். மலையிலிருந்து கீழே இறங்கி வந்த பையன் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. இதையும் அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். பர்மிய எழுத்தில் எழுதினால் உனக்குச் சுலபம் என்று தெரியும். எனக்குச் சுலபமில்லையே. நிதானமாக எழுத்துக்கூட்டிப் படி.

நீ கேட்டு அனுப்பிய விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற மலைக்காரர்களின் மொழியில் வேதத்தை மொழிபெயர்க்கிறதில் மாட்டிக்கொண்ட இடம், மத்தேயு 13-இல் வருகிற புளித்த மா. ஒரு பெண் அதை எடுத்து மூன்று படி மாவிலே அடக்கிவைக்க, மாவு முழுவதும் புளிக்கிறது, பரலோகராஜ்யம் அதற்கு ஒப்பு என்கிற உவமை. அந்த மலைக்காரர்களுக்கு ரொட்டி தெரியாது, மாவு புளிக்கவைக்கிற வழக்கமும் கிடையாது. அவர்கள் வீட்டில் புளிக்கிறது ஒன்றே ஒன்றுதான்: ஆறிய சோற்றில் ஒரு காய்ந்த மாவுருண்டையைப் பொடித்துத் தூவி, இலை போட்டு மூடி, அடுப்போரம் வைத்துக் காய்ச்சுகிற சோற்றுக் கள். அந்த உருண்டையின் பெயரை வசனத்தில் போட்டால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. ஆனால் சபை மூப்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். குடியை விட்டுவிட்டுத்தானே சபைக்கு வந்தோம், பரலோகராஜ்யத்தைக் கள் உருண்டைக்கு ஒப்பிட்டால் ஊர் சிரிக்காதா என்று கேட்கிறார்கள். மூன்று மாதமாக அந்த ஒரு வசனம் நகரவில்லை என்று எழுதியிருந்தாய்.

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். முப்பது வருஷமாக மாவு புளிக்கவைத்துத்தான் உங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தேன்.

எனக்கு முதலில் ஆச்சரியம் எது தெரியுமா? மூன்று படி என்பதை நான் நம் படி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்று படி நான் தினமும் அரைக்கிறதுதானே, இதில் என்ன உவமை என்று மனசுக்குள் கேட்டிருக்கிறேன். மூலத்தில் இருக்கிற அளவு ஏறக்குறைய 40 லிட்டர் வரும் என்று நீ எழுதிய பிறகுதான் விளங்கியது. அது வீட்டுச் சமையலே இல்லையடி, கல்யாணச் சமையல். அந்த அம்மாள் ஊருக்கே சுட்டிருக்கிறாள்.

இன்னொன்று. மார்கழிக் குளிரில் இங்கேயே மாவு எழும்பாது. அப்பாவின் பழைய கம்பளியைக் குண்டானுக்குச் சுற்றி, முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி எடுத்து அடியில் போட்டுக் கலக்கி வைப்பேன். வைத்துவிட்டுத் தொடக் கூடாது, எட்டிப்பார்க்கவும் கூடாது. விடியற்காலையில் மூடியைத் தூக்கும்போது மாவு பொங்கி எழும்பியிருக்கும். நம் வேதத்தில் அந்தப் பெண் மாவை 'அடக்கிவைத்தாள்' என்று இருக்கிறதே, அந்தச் சொல்லைப் போட்டவர் அடுப்படி தெரிந்தவர். உன் மொழியிலும் அந்த இடத்தில் சும்மா 'கலந்தாள்' என்று போட்டுவிடாதே. மூடிவைத்துவிட்டு நம்பிக் காத்திருக்கிற சொல் ஒன்று அவர்களிடம் இல்லாமலா இருக்கும்?

அப்புறம் ஒரு வேலை செய்தேன். பர்மிய வேதத்தை எடுத்து அதே வசனத்தைப் பார்த்தேன். 'தஸே' என்று இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கடைக்கு உளுந்து கொண்டுவருகிற பர்மியக்கார அக்காவிடம் தஸே என்றால் என்ன என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன். 'ரொட்டிக்கும் போடலாம், சாராயத்துக்கும் போடலாம், உனக்கு எதுக்கு?' என்றாள். வேதத்தைப் பர்மியத்தில் மொழிபெயர்த்த ஜட்சன் ஐயர் கூச்சப்படாமல் போட்ட சொல்லை உன் மூப்பர்கள் பர்மிய வேதத்தில் இத்தனை காலமாக வாசித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அதே வேதத்தில் பரிசேயருடைய புளித்த மாவுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்ற இடத்திலும் அதே தஸேதான். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே சொல் நிற்க வேண்டும். கொஞ்சம் பெயர் கெட்ட சொல்லாக இருந்தால்தான் இரண்டு பக்கமும் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த மொழியில் யார் சுத்தமான சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள், சொல். இங்கே ஸூலே பயா, ஷ்வேடகோன் பயா என்று கோயிலுக்கும் புத்தருக்கும் சொல்லுகிற 'பயா'வைத்தான் ஐயர் கடவுளுக்கும் எடுத்தார். நாம் கர்த்தர் என்று சொல்லுகிற இடத்தில் முன்னால் ஒரு 'தாவர' சேர்த்தார், என்றும் உள்ளவர் என்று. பாலியில் இருந்து வந்த சொல், அசையாதது என்று அர்த்தம். நாம் செடிகொடியைத் தாவரம் என்கிறோமே, அந்தச் சொல்தான். நம் தமிழ் வேதத்தின் கதையும் அப்படியே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் கடவுளைச் சருவேசுரன் என்றார். அவருக்குப் பின் வேதத்தைத் தமிழாக்கிய பெப்ரீசியுஸ் ஐயர் பராபரன் என்றார். அதற்கப்புறம்தான் தேவன். எல்லாம் ஏற்கெனவே வேறு பூசையில் புழங்கிய சொல். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயருக்கு வேதத்தைத் தமிழாக்கக் கூட இருந்து உதவியவர் ஆறுமுக நாவலர், விபூதி அழியாத சைவர். உன் தாத்தா உபதேசியாராக இருந்தும் கடைசி வரை ஜெபத்தில் 'பராபரனே' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அவர் முழங்காலில் இருக்கிறது கண்ணில் தெரிகிறது.

மூப்பர் கூட்டத்தில் எத்தனை பேர் என்று நீ எழுதவில்லை. எல்லோரும் ஆண்பிள்ளைகள் என்று எழுதாமலே தெரிகிறது. உவமையில் மாவைப் பிசைகிறவள் பெண். அங்கே அந்த உருண்டையைத் தட்டிக் காயவைக்கிறவர்களும் பெண்கள்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களில் நாலு கிழவிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டு. வாசித்துவிட்டு, என்ன கேட்டீர்கள் என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல். கள்ளைப் பற்றிச் சொன்னால் மூப்பர் சொல்வது சரி, மாற்றிவிடு. கொஞ்சம் எடுத்துப் போட்டால் பெரிய பானை முழுக்க ஏறிவிடும் என்று சொன்னால், அதை மூப்பர் காதில் விழுகிற மாதிரி சொல்லச் சொல். நீ வாதாடாதே. உனக்கு வாதாடத் தெரியாது, கோபம்தான் வரும், அப்பாவைப் போல.

பெண்பிள்ளைகள் பேச்சு என்றதும் ஜட்சன் ஐயரின் மனைவி ஆன் அம்மாள் ஞாபகம் வருகிறது. ஜட்சன் ஐயர் 1813-இல் இந்த ரங்கூனில் இறங்கினார், முதல் ஆள் மௌங் நோ ஞானஸ்நானம் எடுக்க 6 வருஷம் ஆனது, முழு வேதத்தையும் பர்மியத்தில் முடிக்க 1834 ஆனது. இதெல்லாம் உனக்கு மனப்பாடம். எனக்குப் பிடித்தது அந்தத் தலையணை. இங்கிலீஷ்காரரோடு நடந்த 1824 சண்டையில் ஐயரைப் பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் சிறையில் போட்டபோது, அவர் மொழிபெயர்த்து எழுதிவைத்த காகிதக் கட்டைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தாளே. எவனும் ஆசைப்பட்டுப் பிடுங்கிவிடக் கூடாது என்று அதைக் கட்டாந்தரை மாதிரி கரடுமுரடாகத் தைத்தாள் பார், அது ஒரு வீட்டுக்காரியின் புத்தி. சண்டை முடிந்த வருஷமே அவள் செத்துப்போனாள். வேதம் முடிந்ததை அவள் பார்க்கவில்லை.

இங்கே ஒரு செய்தி. நம் சபையில் தமிழ் ஆராதனையை மாதத்துக்கு ஒன்றாக்கிவிட்டார்கள். வருகிறது பதினான்கு பேர், அதில் ஐந்து பேருக்குத்தான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கத் தெரியும். 1964-இல் நம் தமிழ்ச் சனத்தில் பாதி இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டது, பிறகு பள்ளிக்கூடங்களும் போய்விட்டன, மிச்சம் நாங்கள். உனக்கு ஞாயிறு பள்ளியில் அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்ததே நான்தான். அப்பாவை அடக்கம் பண்ணி நாலு நாள் கழித்து நீ வந்து நின்றபோது ஒன்று சொன்னேனே, எங்கள் பாஷை செத்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருத்தர் பாஷைக்கு நீ எழுத்துப் படிக்கிறாய் என்று. நீ பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போனாய். பாதை அடைத்திருந்தது, நீ நடந்தே மூன்று நாள் வந்தாய் என்று அந்தப் பையன் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது. அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது. பேச்சு பொய் என்று சொல்லமாட்டேன். அந்த நாளில், உன்னிடம் பேசியிருக்கக் கூடாது.

பையில் என்ன இருக்கிறது என்றால்: உளுந்து இரண்டு கிலோ (வெளிநாட்டுக்குப் போகிற நல்ல சரக்கு, அந்த அக்கா எனக்காக ஒதுக்கிவைத்தது), புளி, காய்ச்சல் மாத்திரை, அப்பாவின் இன்னொரு கம்பளி. மாத்திரையை ஊருக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

பையன் திரும்பி வரும்போது அந்த உருண்டை ஒன்றை இலையில் சுற்றி அனுப்பு. மூப்பருக்குத் தெரியவேண்டாம். ஒரு கரண்டி மாவில் போட்டு வைத்துப் பார்க்கிறேன், இட்லி எழும்புகிறதா என்று.

அம்மா