மேஜர் தன் சிங் தாப்பாவின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். 1962-ஆம் ஆண்டு இந்திய–சீனப் போரைப் பற்றிய ஒரு வகுப்பில், பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் தன் சிங் தாப்பா போர்க்கைதியாகப் பிடிபட்டார் என்று நான் சொன்னதும் முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "அப்படியானால் அவர் கையைத் தூக்கிவிட்டாரா, ஐயா?" என்று கேட்டான். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதற்கு அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீரனின் கதையை வெற்றியிலோ வீரமரணத்திலோ முடித்தே பழகிவிட்ட நாம்தான் அந்த ஏமாற்றத்துக்குப் பொறுப்பு.

நடந்தது இதுதான். லடாக்கில் பாங்காங் ஏரியின் வடகரையில், சுசூல் விமானத்தளத்தைக் காக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட முன்னணிக் காவல் அரண்களில் ஒன்று சிரிஜாப். 8-ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் முதலாவது பட்டாலியனைச் சேர்ந்த ஏறத்தாழ 30 வீரர்களுடன் தாப்பா அங்கே இருந்தார். அக்டோபர் 20 அன்று பீரங்கிக் குண்டுகளும் மார்ட்டர் குண்டுகளும் பொழிந்து ஓய்ந்த பின் பல மடங்கு பெரிய படை ஏறி வந்தது, அதை முறியடித்தார்கள். மீண்டும் குண்டுமழை, மீண்டும் தாக்குதல், அதையும் முறியடித்தார்கள். மூன்றாவது முறை டாங்கிகளின் துணையோடு எதிரிகள் வந்தபோது அரணில் எஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலரே. அரண் கைவிட்டுப் போன அந்தக் கடைசி நேரத்திலும் தாப்பா பதுங்குகுழியை விட்டு வெளியே பாய்ந்து, நேருக்கு நேர் நின்று பலரை வீழ்த்திய பிறகுதான் மடக்கிப் பிடிக்கப்பட்டார் என்று அவருடைய விருதுக்கான அரசுக் குறிப்பே சொல்கிறது. சரணடைவது வேறு, பிடிபடுவது வேறு என்பதை என் மாணவனுக்கு விளக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

நிலைமையை அறிந்துவர ஏரி வழியே அனுப்பப்பட்ட படகுகளில் ஒன்று குண்டடிபட்டு மூழ்கியது. தப்பித் திரும்பியவர் கொண்டுவந்த செய்தி, அங்கே உயிரோடு எவரும் இல்லை என்பது. ஆகவே தாப்பா இறந்துவிட்டதாகவே படையும் குடும்பமும் நம்பின. வீட்டில் ஈமக்கடன்கள் நடந்து முடிந்தன. அவருடைய மனைவி கைம்பெண் கோலம் பூண்டார். 1963 மே மாதத்தில் தாப்பா விடுதலையாகித் திரும்பி வந்தபோது, இறந்தவராகச் சடங்கு செய்யப்பட்ட அவருக்குத் தலை மழித்துத் தீட்டு நீக்கி, சொந்த மனைவியோடே மறுபடியும் மணச்சடங்கு நடத்தினார்கள் என்பது அவருடைய குடும்பத்தார் பின்னாளில் பகிர்ந்துகொண்ட செய்தி. ஒரு போர் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இந்த ஒரு காட்சி போதும்.

இடைப்பட்ட ஏழு மாதங்களைத்தான் நாம் எழுதாமல் தாண்டிப் போகிறோம். இந்தியாவும் சீனாவும் ஏற்றுக்கொண்டிருந்த 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, ஒரு போர்க்கைதி தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றுக்கு மேல் எதையும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். முகாமை அடைந்த ஒரு வாரத்துக்குள் தன் குடும்பத்துக்கு ஓர் அட்டை எழுதவும் அவருக்கு உரிமை உண்டு. தம் நாட்டுக்கும் படைக்கும் எதிராக அறிக்கை தர மறுத்ததற்காகத் தாப்பா முகாமில் தண்டனைகளை அனுபவித்தார். பக்கத்தில் தோழர்களும் கையில் ஆயுதமும் இல்லாத இடத்தில் நாள்தோறும் மறுத்துக்கொண்டே இருப்பதற்கு வேண்டிய துணிவு, சிரிஜாப்பில் அவர் காட்டியதற்குச் சற்றும் குறைந்ததன்று என்றே நான் கருதுகிறேன்.

நம் மரபு இங்கே நமக்குத் தடையாக நிற்பதையும் சொல்ல வேண்டும். சோழனின் சிறையில் காலந்தாழ்த்தி வந்த தண்ணீரைப் பருகாமல் உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் புறநானூற்றின் 74-ஆம் பாடலில் படித்து வளர்ந்தவர்கள் நாம். சிறைப்படுதல் மானக்கேடு என்ற எண்ணம் அங்கிருந்தே நம்முள் ஊறியிருக்கிறது. அந்தப் பாடலை நான் இன்றும் நெகிழ்ச்சியோடுதான் கற்பிக்கிறேன். ஆனால் அதே அளவுகோலை 1962-இல் பிடிபட்ட ஏறத்தாழ 4,000 இந்திய வீரர்கள் மேல் வைப்பது அநீதி. தவாங் பகுதியில் காயத்தோடு இறுதிவரை போரிட்டுப் பிடிபட்டுச் சிறையிலேயே இறந்த சுபேதார் ஜோகிந்தர் சிங்கும் பரம் வீர் சக்ரா பெற்றவர்தாம் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

எனவே, தாப்பாவைப் பற்றி நீங்கள் எழுதும் பாடத்தை அக்டோபர் 20-ஆம் நாளோடு முடிக்காமல், முகாம் வாழ்க்கை, வீடு திரும்பிய நாள், அதன் பின்னும் படையில் தொடர்ந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்றது ஆகியவற்றையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜெனீவா உடன்படிக்கையைத் தனிப் பெட்டிச் செய்தியாக ஒதுக்காமல் அந்தக் கதைக்குள்ளேயே வைத்து விளக்குங்கள். அந்தமானில் இன்று அவர் பெயரைத் தாங்கி ஒரு தீவு இருக்கிறது. அதை வரைபடத்தில் குறிக்கச் சொல்லும் பயிற்சியோடு பாடத்தை முடிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்