கரைக்குப் போகும் முன் ஒரு நிமிடம்

குழுவினருக்கு வணக்கம். கடலாமை, கடற்புல் (ஆழமில்லாத கடலடியில் வளரும் புல் போன்ற செடி) பற்றிய நம் கணக்கெடுப்புக்காக அடுத்த வாரம் மீனவர்களைச் சந்திக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படகிலிருந்து மீன் இறங்கும் நேரத்தில் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். ஏலம் முடியட்டும், வலையைச் சீர்படுத்த உட்காரட்டும், அப்புறம் பேசலாம். எடுத்த எடுப்பிலேயே "வலையில் ஆமை மாட்டுமா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வழக்கு வருமோ என்ற பயம், நியாயமானதுதான். வலையின் கண் அளவு, எந்தப் பருவம், எத்தனை மணி நேரம் கடலில் கிடக்கும் என்று தொடங்குங்கள். ஆமைப் பேச்சு தானாக வரும். சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல்தான் சாகிறது. அதனால் அந்த மணிக்கணக்கை மட்டும் எழுதாமல் வராதீர்கள்.

மீன்பிடி இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளைத் தயவுசெய்து இந்தக் குழுவில் போட வேண்டாம். அது அவர்களின் தொழில் ரகசியம். அறிக்கையில் பெரிய கட்டங்களாக மட்டுமே காட்டுவோம். பெயருக்குப் பதில் எண் எழுதுங்கள். பாதிப் பேச்சில் "வேண்டாம்" என்றால், சரி என்று எழுந்துவிடுங்கள்.

மீன் தரம் பிரிக்கும், ஆழமில்லாத நீரில் சிப்பி பொறுக்கும் பெண்களிடமும் பேசுங்கள். கரையோரக் கடற்புல் எங்கே குறைந்தது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது அவர்கள்தான்.

கடற்புல் அணி: 50 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டகத்தைக் கடல்நீர் வற்றியிருக்கும் நேரத்தில் புல்மேல் வையுங்கள். புல்லில் கைபடும் முன் நேர் மேலிருந்து படம் எடுங்கள். உங்கள் நிழல் விழக் கூடாது.

முடிவுகளை அறிக்கைக்கு முன்பே அந்தந்த ஊரில் சொல்லப் போகிறோம். அதற்கு வர முடிந்தவர்கள் இன்றிரவுக்குள் பதில் போடுங்கள்.