பிராவிடன்ஸ் மேயரும் கும்பகோணம் மகாமகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால்தான் 2028 மகாமகத்துக்குள் கும்பகோணத்தில் வேலை நடக்கும் என்று உங்கள் கடிதப் பகுதியில் வாசகர்கள் சிலர் எழுதிவருகிறார்கள். நேரடித் தேர்தல் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 ஆண்டுகளில் மேயர்களை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையிலும் என்ன நடந்தது என்பது ஊருக்குத் தெரியும். மக்களிடம் நேராக வாக்கு வாங்கி, நிர்வாகத்தையும் கையில் வைத்திருந்து, வேலையும் நடத்திக்காட்டிய ஒரு மேயரின் கதையை இந்த விவாதத்தில் யாரும் எடுக்கவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸின் மேயர் வின்சென்ட் சியான்சியைச் சொல்கிறோம்.

ஊர் பெரிதல்ல. 2000 கணக்கெடுப்பில் அங்கே 1,73,618 பேர். நம் 2011 கணக்கெடுப்பின்படி கும்பகோணத்தில் 1,40,156 பேர், தஞ்சாவூரில் 2,22,943 பேர். இரண்டுக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். அரசு வழக்கறிஞராக இருந்த சியான்சி, ஊழலை ஒழிக்கப்போகிறேன் என்று சொல்லியே 1974-இல் போட்டியிட்டு, பதவியில் இருந்த மேயரை 709 வாக்கில் தோற்கடித்தார். 1981-இல் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தனியார் லாரிகளைத் துப்பாக்கி ஏந்திய போலீஸ் காவலோடு ஓட்டினார். அதிரடி மேயர் என்று இங்கே கேட்கிறார்களே, அதற்கு அச்சு அசலான ஆள்.

1983-இல், பிரிந்திருந்த தன் மனைவியோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்த ஒரு ஒப்பந்ததாரரை வீட்டுக்கு வரவழைத்துத் தாக்கினார். எரியும் சிகரெட்டால் சுட்டது, கணப்பு விறகை ஓங்கியது எல்லாம் அந்த வழக்கில் வந்தன. 1984-இல் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஐந்தாண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையை ஏற்றார், பதவி போனது. ஆனால் 1990-இல் மறுபடி நின்று 317 வாக்கில் ஜெயித்து, 2002 வரை இருந்தார்.

இந்த இரண்டாவது காலத்தில்தான் ஊர் மாறியது. நகர நடுவே சாலைத் தளங்களுக்கு அடியில் பல காலம் புதைந்து கிடந்த ஆறுகளைத் திறந்து, போக்கை மாற்றி, கரையில் நடைபாதை போட்டார்கள். 1994 முதல் அந்த ஆற்றின் நடுவே விறகுத் தீ ஏற்றும் விழாவும் நடக்கிறது. பாராட்டு முழுவதும் மேயருக்குப் போனது. கணக்கைப் பிரித்தால் வேறு. ஆற்றுத் திட்டத்தின் வேலை அவர் பதவியில் இல்லாத 1980-களின் பிற்பகுதியிலேயே தொடங்கியது. வரைந்தவர் வில்லியம் வார்னர் என்ற கட்டடக் கலைஞர். பணத்தில் பெரும்பங்கு கூட்டாட்சி அரசின் நெடுஞ்சாலை நிதி. மேயர் நாடா வெட்டினார். தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி வேலைகளுக்கு யார் யார் பெயரில் கல்வெட்டு இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1999 ஏப்ரலில் கூட்டாட்சி அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நகராட்சிக் கட்டடத்துக்குள் புகுந்தது. அதற்கு முன்பே ஒரு வணிகர் உடலில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசிப் பேசிப் பதிவு செய்திருந்தார். சிக்கியது ஆற்றுத் திட்டமோ பெரிய கட்டுமானமோ அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சொத்து வரியை மறுஆய்வு செய்யும் வாரியத்தின் தலைவரும் துணைத் தலைவரும் வரியைக் குறைக்கக் காசு வாங்கியது தெரியவந்தது. விபத்திலோ தவறான இடத்திலோ நிற்கும் காரை இழுத்துப்போகப் போலீஸ் அழைக்கும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெயர் நிலைக்க மேயரின் தேர்தல் நிதிக்குப் பணம் தர வேண்டியிருந்தது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. நகராட்சி வேலை ஒன்றுக்கு 5,000 டாலர் கைமாறியதாகச் சாட்சியம் வந்தது. தன்னை முன்பு உறுப்பினராகச் சேர்க்க மறுத்த ஒரு மனமகிழ் மன்றத்தின் கட்டட விதிவிலக்கைத் தடுத்துவைத்து, கௌரவ உறுப்பினர் பதவி வந்த பிறகு விட்டார் என்றும் சொன்னார்கள்.

ஜூரி 11 குற்றச்சாட்டுகளில் அவரை விடுவித்தது. நிர்வாகத்தையே குற்றக் கும்பலைப்போல் நடத்தச் சதி செய்தார் என்ற ஒரே குற்றம் உறுதியானது. 64 மாதச் சிறை. அவருடைய நிர்வாக இயக்குநர் ஃபிராங்க் கொரெண்டேயும் தண்டனை பெற்றார். மேயர் கையில் பணம் கொடுத்ததைக் காட்டும் பதிவு எதுவும் இல்லை, இருக்கவும் இருக்காது. காசு எப்போதும் இரண்டு படி கீழேயே நின்றுவிடும். 2007-இல் வெளியே வந்து வானொலியில் பேசினார். 2014-இல் மறுபடி மேயர் தேர்தலில் நின்று, தோற்றாலும் ஏறத்தாழ 45 சதவீத வாக்கு வாங்கினார். 2016-இல் இறந்தார். “தின்றாலும் செய்தான்” என்று சொல்கிறவர்கள் அங்கேயும் பாதிப் பேர்.

வழக்கில் வராத ஒரு சேதம் உண்டு. 1989-இல் ஓய்வூதிய வாரியம் ஓய்வுபெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 5, 6 சதவீதக் கூட்டு உயர்வு கொடுத்தது. அதைச் செய்தது சியான்சி அல்ல. அது நீதிமன்றம் போனபோது 1991-இல் சமரசத்தில் கையெழுத்திட்டது அவர் நிர்வாகம். 6 சதவீதக் கூட்டு உயர்வில் 12 ஆண்டில் தொகை இரட்டிப்பாகும். 2012 வாக்கில் நகரம் திவால் விளிம்புக்கு வந்து, உயர்வை நிறுத்திவைக்கும் நிலை ஏற்பட்டது.

இனி நம் ஊர். இங்கே செயல் அதிகாரம் ஆணையரிடம். மேயர் மன்றத்துக்குத் தலைமை வகிப்பவர். மேயருக்கு மாத மதிப்பூதியம் 30,000 ரூபாய், மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000. நேரடித் தேர்தல் வந்தால் இந்த அமைப்பில் எது மாறும், எது மாறாது என்று பேசாமல் ‘வலுவான மேயர்’ கேட்பதில் அர்த்தமில்லை. பிராவிடன்ஸில் ஓட்டை இருந்த இடங்களெல்லாம் நமக்கும் உண்டு. கார் இழுக்கும் பட்டியலுக்குப் பதில் பேருந்து நிலைய இருசக்கர வாகன நிறுத்தம், கட்டணக் கழிப்பறை, தரைக்கடை வசூல் ஆகியவற்றின் குத்தகை. ஏலம் கேட்பவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வருவது ஒரு வழி. ஏலமே நடத்தாமல் பழைய குத்தகைதாரருக்குக் காலநீட்டிப்புத் தீர்மானம் போடுவது அதைவிடச் சுலபமான வழி.

சொத்து வரியில் விஷயம் இன்னும் நுணுக்கம். 2022 சீராய்வில், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதமும், 1,200 வரை 50-ம், 1,800 வரை 75-ம், அதற்கு மேல் 100 சதவீதமும் உயர்த்தினார்கள். 1,210 சதுர அடி வீடு ஏட்டில் 1,195 என்று பதிவானால் உயர்வு 75-லிருந்து 50 சதவீதமாகிவிடும். கடை நடக்கும் முன்னறை குடியிருப்பாகவே எழுதப்பட்டாலும் இதே கதைதான். டேப்பைப் பிடிக்கிறவர் மேயரல்ல.

மகாமக வேலைகளில் எங்கள் பயம் அவகாசத்தைப் பற்றியது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் ஒப்பந்தப்புள்ளி அளிக்க அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விழா நெருங்க நெருங்க எல்லாமே ‘அவசரம்’ ஆகிவிடும். 2 கோடி வரம்புக்குள் அடக்க ஒரே சாலை வேலை நான்கு துண்டாகும்.

கவுன்சிலர்களும் வாசகர்களும் இப்போதே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, 30 நாளில் பதில். “வரியை ஏன் குறைத்தீர்கள்” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். உரிமையாளர் பெயர் கேட்டால் தனிநபர் தகவல் என்பார்கள். அதனால் ஒரே ஒரு வார்டு, ஒரே ஒரு அரையாண்டு என்று வரையறுத்து, வரி குறைக்கப்பட்ட விதிப்பு எண்கள், முன்பும் பின்பும் பதிவான சதுர அடி, பயன்பாட்டு வகை, உத்தரவின் தேதி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். குத்தகைக்கு, ஏல அறிவிப்பு வெளியான தேதி, கேட்டவர்களின் தொகைகள், காலநீட்டிப்புத் தீர்மானத்தின் எண். டெண்டருக்கு, அவகாசம் குறைத்த உத்தரவின் நகல். சலுகையும் அனுமதியும் பெற்றவர்கள் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் அதையும் ஒரு வரி சேருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இப்படிக்கு,
உள்ளாட்சிக் கணக்குகளைப் பின்தொடரும் வாசகர்கள்,
கும்பகோணம்.