சுடுதளத்தில் நாவடக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இந்தியா மூன்று வெண்கலப் பதக்கங்கள் வென்றதிலிருந்து, எங்கள் ஊர்ச் சுடுதளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காகச் சுட வரும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவர்களில் சிலருடைய வாயிலிருந்து வரும் சொற்கள் காது கொடுத்துக் கேட்கும்படி இல்லை.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) தளத்தில் ஒருவருக்கு ஒதுக்கப்படும் இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான். இலக்கின் நடுவே பத்துக்குரிய புள்ளியோ வெறும் அரை மில்லிமீட்டர். சென்ற மாதம், குண்டு எட்டில் பட்டதற்காக ஒரு கல்லூரி மாணவர் பெற்ற தாயை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, பெல்லட் (சிறு ஈயக் குண்டு) டப்பாவை மேசைமேல் ஓங்கி அடித்தார். பக்கத்தில் மூச்சை அடக்கிக் குறிபார்த்துக்கொண்டிருந்த பள்ளிச் சிறுமி துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டாள். அதன்பிறகு அன்று அவளால் சரியாகச் சுட முடியவில்லை.

இதைவிடக் கவலை தருவது, தளத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசரையே மரியாதையின்றிப் பேசுவது. துப்பாக்கிக் குழலில், உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக் செருகாமல் திரும்பிய ஓர் இளைஞரை அவர் கண்டித்தபோது, "போய்யா, உன் வேலையப் பாரு" என்று பதில் வந்தது. உடனிருந்த நண்பர்கள் சிரித்தார்கள். 'ஸ்டாப்' என்று அவர் சொன்ன கணமே எல்லோருடைய விரலும் விசையிலிருந்து விலகியாக வேண்டிய இடத்தில், அவர் குரலுக்கு மதிப்பில்லாமல் போனால், 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஒருவரின் கண்ணைப் பறித்துவிடும்.

'இளரத்தம் அப்படித்தான்' என்று சமாதானம் சொல்லும் மூத்த உறுப்பினர்களை என்னால் ஏற்க முடியவில்லை. சர்வதேச இறுதிச் சுற்றுகளில் பார்வையாளர்கள் ஆர்ப்பரிக்க அனுமதி உண்டு என்பதையும் சிலர் சுட்டுகிறார்கள். பார்வையாளரின் உற்சாகமும் சுடுபவரின் வசையும் ஒன்றாகுமா? அதே சர்வதேசப் போட்டிகளில் ஒழுங்கீனத்துக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரிப்பதும், பச்சை அட்டை காட்டிப் புள்ளி குறைப்பதும், சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றுவதும் நடைமுறையில் உள்ளன.

பயிற்சி நாட்களிலும் சங்கங்கள் இதைப் பின்பற்ற வேண்டும். முதல்முறை எச்சரிக்கை, மறுமுறை அன்றைய பயிற்சி ரத்து என்று நுழைவாயிலிலேயே எழுதி வைக்கலாம். மாணவர்கள் முன்னிலையில் தாமே கெட்ட வார்த்தை பேசும் கோச்சுகளுக்கும் இவ்விதி பொருந்த வேண்டும். அவர்களிடமிருந்தே தொடங்குவது இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்