அடுப்பின் மேல் கவிழ்த்த தொட்டி

கண்ணு,

போட்டோ வந்தது. ஸ்காட்லாந்தில் நீ குடியிருக்கும் படகு சின்னதுதான், ஆனால் லட்சணமாக வைத்திருக்கிறாய். அம்மா அதைப் பெரிய அத்தை வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். என் கண்ணில் பட்டது வேறு. கேஸ் அடுப்பின் மேல் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாய். பின்னால் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. குளிருக்கு அடுப்பை எரியவிட்டுக் காய்கிறாய், அப்படித்தானே? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

கேஸ் எரிந்தால் நீராவி வரும், அதுதான் கண்ணாடியில் நிற்கிறது. அது போகட்டும், துடைத்தால் போச்சு. காற்றோட்டம் இல்லாத அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவாய். மிக்ஜாம் புயலில் கரண்ட் போனபோது மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டரை ஓட்டப் பார்த்தார்களே, நான் சத்தம் போட்டுத் தெருவுக்கு இழுக்க வைத்தேனே, நீதானே டார்ச் பிடித்தாய். அந்தத் தெருவைவிட உன் படகு அறை எவ்வளவு சின்னது என்று யோசி.

அடுப்பை எரியவிட்டுத் தூங்காதே. ஐந்து நிமிடம் கண் அசருவதற்குக்கூட வேண்டாம்.

டீசல் ஹீட்டர் இருக்கிறது என்று சொன்னாய். இருந்தும் அடுப்பு எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். பேட்டரி இறங்கியிருக்கும். அந்த ஹீட்டர் ஓடும்போது கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும், ஆனால் பற்றவைக்கும்போது சில நிமிடம் 10 ஆம்ப் பக்கம் கேட்கும். இறங்கின பேட்டரியில் வோல்ட் விழுந்து ஹீட்டர் பிடிக்காது. விடியற்காலைக் குளிரில் அது பிடிக்கவில்லை என்றால் நீ கேஸைத்தான் திறப்பாய். அதனால் சூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேட்டரியைப் பற்றிப் பேசுகிறேன்.

உனக்குத் தெரியாதது இல்லை. ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் நீ உறிஞ்சிப் பார்க்கும்போது பத்தாவது படிக்கும் பெண் என்று நம் பேட்டரிக் கடையில் யாரும் நம்பமாட்டார்கள். சுடிதார் முழுக்க ஆசிட் ஓட்டை. காசிமேட்டில் விசைப்படகுக்காரர்கள் "பாப்பா பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும்" என்பார்கள், எனக்கு நெஞ்சு நிமிரும். அத்தனையும் தெரிந்தவள் இப்படிச் செய்யலாமா?

லோடு எதுவும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு வோல்ட் பார். 12.6-க்கு மேல் இருந்தால் முழுசு. 12.2 என்றால் பாதி, அதற்குக் கீழே விடாதே. குளிரில் லெட் ஆசிட் பேட்டரி கொடுப்பதே குறைந்துவிடும். அரைகுறைச் சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து, அப்புறம் என்ன செய்தாலும் ஏறாது. இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டி மீட்டரில் 14 வோல்ட் பார்த்துவிட்டு நிறைந்தது என்று நினைக்காதே, கடைசிக் கால்வாசி மெதுவாகத்தான் ஏறும். ஸ்காட்லாந்தில் டிசம்பர் வெயிலை நம்பி சோலாரில் உட்காராதே, ஏழு மணி நேரம்தான் பகல், சூரியனும் தாழ்ந்தே போகும். கரையில் கட்டும்போதெல்லாம் சார்ஜரை ராத்திரி முழுக்கப் போட்டு வை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பேட்டரிப் பெட்டிக்குக் காற்று போக வழி இருக்கட்டும். நம் கடையில் அந்த மூலையில் ஊதுபத்திகூட ஏற்ற விடமாட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

போன வருஷம் மாப்பிள்ளை லித்தியம் பேட்டரி மாட்டப்போவதாகச் சொன்னார். மாட்டினாரா? மாட்டியிருந்தால், பேட்டரி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனபின் சார்ஜ் ஏற்றாதே, செல் கெட்டுவிடும். மாட்டுவதற்கு முன்னாலேயே வேலை நின்றிருந்தால் அதையும் எழுது. அதற்குத் தகுந்த மாதிரி நான் யோசித்துச் சொல்வேன்.

இன்வர்ட்டரில் கரண்ட் ஹீட்டர் போடும் எண்ணமும் வேண்டாம். 1500 வாட் என்றால் 12 வோல்ட்டில் 125 ஆம்ப். 100 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் ஒரு மணி நேரம்கூட வராது. டீசல் ஹீட்டர்தான் சரி. அதன் புகைக்குழாய் வெளியே போகிறதா, இணைப்பில் ஓட்டை இருக்கிறதா, வாரம் ஒருமுறை கையால் தடவிப் பார். அதன் ஸ்விட்சில்தான் அணைக்க வேண்டும், மெயினைப் பிடுங்காதே, ஆறுவதற்குள் விசிறி நின்றுவிடும்.

மோனாக்சைடு அலாரம் உடனே வாங்கு. படகுக்கு என்று ஈ.என். 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டது கிடைக்கும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தூங்க ஒருவர் கவனிக்கலாம். தனியாக இருப்பவருக்கு அந்த அலாரம்தான் ஆள்.

அம்மா கேட்டால் நீ நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறேன். மேல் ரூமில் பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டு வெள்ளை அடித்திருக்கிறோம். ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் ஜூன் 14 வரை படகு பேட்டரி எல்லாம் கடைக்கு வந்து குவியும், எனக்கும் கைக்கு ஆள் வேண்டும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அலாரத்துக்குப் பணம் போடுகிறேன். பழைய அக்கவுண்ட்டிலேயே போடலாமா, இல்லை உன் பேரில் மட்டும் வேறு இருக்கிறதா? அதை மட்டுமாவது இன்றைக்கே எழுது.

உன் நைனா